சார், நீங்க சூளை பார்த்திருக்கீங்களா?

பகலில் வேலை, சாயந்திரம் எம்.பி.ஏ.! டிகிரி முடித்த கையோடு வேலைக்குப் போகிற பலருக்கும் இந்த ஆசை உண்டு.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர் ஒருத்தர் இருக்கார்னு வெச்சுக்குவோம். களிமண் பதத்திலிருந்து சூளையின் சூடு வரை அவருக்கு அத்துப்படி. அவர் பார்ட்-டைம் எம்.பி.ஏ. சேர்ந்தால், பாடம் நடத்துகிறவருக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?

ஃபுல்-டைம் வகுப்பில் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னால் தலையாட்டி விடுவார்கள். பார்ட்-டைம் வகுப்பில், "எங்க கம்பெனியில இது நடக்காது சார்"னு கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும்!

டாக்டரேட்டா, அனுபவமா?

உலக அளவில் பிசினஸ் ஸ்கூல்களுக்கு அங்கீகாரம் தரும் ஏ.ஏ.சி.எஸ்.பி. அமைப்பு, 2013-ல் ஆசிரியர்களை நாலு ரகமாகப் பிரித்தது. அது பார்ப்பது ரெண்டே விஷயம். படிப்பு வழியாக வந்தவரா, தொழில் வழியாக வந்தவரா? வந்த பிறகு ஆராய்ச்சியிலோ, தொழில் உலகத்திலோ தொடர்பை விடாமல் இருக்கிறாரா? ரெண்டாவது ரொம்ப முக்கியம். இருபது வருஷத்துக்கு முந்தைய அனுபவமும் பழைய நோட்ஸ் மாதிரிதான்.

நம்ம நாட்டிலும் 2022-ல் யு.ஜி.சி. 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று ஒரு வழி திறந்தது. தன் துறையில் குறைந்தது 15 வருஷ அனுபவம் இருந்தால் போதும், டாக்டரேட் கட்டாயமில்லை. ஆனால், மொத்த ஆசிரியர் பணியிடங்களில் 10 சதவிகிதத்துக்கு மேல் இவர்கள் கூடாது.

ஒரு சூளை கணக்கு

சூளையில் 100 கப் வைக்கிறோம். மொத்தச் செலவு 1,800 ரூபாய். ஒரு கப் 18 ரூபாய்தானே? பத்து உடைஞ்சு போச்சு. இப்போ நல்ல கப் ஒவ்வொன்றின் அடக்கவிலையும் 20 ரூபாய். 19 ரூபாய்க்கு விற்றுவிட்டு லாபம்னு நினைச்சா, நஷ்டம்!

எத்தனை உடையும்னு மாணவருக்குத் தெரியும். அதை விலையில் எப்படி ஏற்றணும்னு ஆசிரியருக்குத் தெரியும். இந்த ரெண்டையும் சேர்த்து வைக்கிறதுதான் பார்ட்-டைம் ஆசிரியரின் திறமை.

இந்த அடக்கவிலைக் கணக்கில் கில்லாடி, பாலா வி. பாலச்சந்திரன். பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பாடமும் நடத்தியவர். 1973-ல் அமெரிக்காவின் கெல்லாக் பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியரானார். 2004-ல் சென்னையில் கிரேட் லேக்ஸ் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். 2021-ல் மறைந்தார்.

இன்னொருத்தர் சி.கே.பிரகலாத். சென்னை லயோலாவில் இயற்பியல் படித்துவிட்டு, யூனியன் கார்பைடில் வேலை பார்த்தவர். அப்புறம்தான் அகமதாபாத் ஐ.ஐ.எம்.! பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், 2004-ல் வந்த தன் புத்தகத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையே பாடமாக்கினார்.

சேருவதற்கு முன்...

* வகுப்பு எடுப்பவர்களில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கெஸ்ட் லெக்சரர்கள் எத்தனை பேர்?
* கடந்த ஐந்து வருஷத்தில் அவர்கள் செய்த ஆராய்ச்சி என்ன, எந்த கம்பெனிக்கு ஆலோசனை சொன்னார்கள்?
* மாணவர்களின் வேலையிலிருந்தே பிராஜெக்ட் கொடுக்கிறார்களா? சீனியர்களிடம் கேளுங்க.
* தொலைதூரக் கல்வி என்றால், நேர்முக வகுப்புக்கு யார் வருகிறார்கள்? யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா?

கடைசியாக, தைரியமாகக் கேளுங்க... "சார், நீங்க சூளை பார்த்திருக்கீங்களா?"

"இல்லப்பா. அங்க என்ன நடக்குது, நீ சொல்லு"னு பதில் வந்தால், தாராளமா ஃபீஸ் கட்டலாம்!