மணிக்கு ஒரு வேலை வேண்டும்!

புது ஷூ சார். ஆம்பூர் போய், பேரம் பேசி வாங்கியது. மறுநாள் சாயங்காலம் வேலூரிலிருந்து பஸ் பிடித்து அமிர்தியில் வந்து இறங்கினால், இடது ஷூவின் நாக்கு மட்டும் திண்ணையில் கிடக்கிறது. மிச்சம் வாசலெல்லாம் துண்டு துண்டாக!

"மலை மேல கொண்டு போய் விட்டுட்டு வாடா. இல்லேன்னா என்னைக் கொண்டு போய் விடு!" - அம்மா.

மணி பாதி சிப்பிப்பாறை. முயலைத் துரத்தப் பிறந்த வம்சம். நம்ம வீட்டுச் சங்கிலியின் நீளம் ஆறடி.

கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போனேன். "வியாதி ஒண்ணுமில்ல. இவனுக்கு வேலை இல்ல, அதான்" என்றார். பி.காம். முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தவன் நான். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எங்க ஊரில் 1967-ல் திறந்த மிருகக்காட்சிசாலை இருக்கிறது. கூண்டு ஜீவனுக்குத் தீனி மட்டும் போதாது, அதைத் தேடவும் வைக்கணும் என்பது ஜூக்காரர்கள் கற்ற பாடம். 1970-களில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் ஜூவில் ஹால் மார்க்கோவிட்ஸ் என்பவர் கிப்பன் குரங்குகளைச் 'சம்பாதித்து'ச் சாப்பிட வைத்தார். மணிக்கும் அதே ரூல்தான்!

பரணிலிருந்து பழைய பணியாரக் கல்லை இறக்கினேன். நாலைந்து குழியில் மட்டும் வேகவைத்த கோழித் துண்டு. எல்லாக் குழி மேலும் டென்னிஸ் பந்து. மணி மோந்து மோந்து, சரியான பந்தைத் தள்ளி, ஒரு துண்டு எடுக்கவே முதல் நாள் பத்து நிமிஷம் ஆனது. முடித்ததும் அப்படியே தூங்கிவிட்டான். நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் சுமார் 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல். அந்த மூக்குக்கு அரை மணி வேலை கொடுத்தால் காலும் பல்லும் அடங்குகின்றன.

வாக்கிங்கிலும் இப்போது இழுப்பதில்லை. எந்தக் கம்பத்தை எவ்வளவு நேரம் மோந்தாலும் நிற்கிறேன். ஆபீஸ் கிளம்பும் முன் பழைய லுங்கியில் சோற்று உருண்டையைச் சுருட்டி வைப்பேன். பிரிப்பதை அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார். துணியை முழுங்கிவிடக் கூடாதில்லையா?

ஒரு எச்சரிக்கை. நம்ம பக்கம் தோல் ஷாப்பில் கழிவுத் துண்டு சும்மாவே கிடைக்கும். கடிக்கட்டுமே என்று போட்டுவிடாதீர்கள். குரோம் உப்பு ஏற்றிப் பதனிட்ட தோல் அது. நாய் தின்கிற சாமான் இல்லை.

போன ஞாயிறு அம்மா நிஜமாகவே பணியாரம் சுட்டார். அடுப்படி வாசலில் மணி விறைப்பாக உட்கார்ந்திருந்தான். டூட்டிக்குக் கூப்பிடுவார்கள் என்று!