நின்ற இடத்திலேயே ஓடும் கார்

ஒரு கார் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் ஓர் அங்குலம்கூட முன்னே நகரவில்லை! இது மாயாஜாலமன்று. காரின் சக்கரங்கள் தரையில் பதித்த கனமான எஃகு உருளைகளின்மேல் நிற்கின்றன. சக்கரம் சுழன்றால் உருளையும் சுழலும். கார் பாய்ந்துவிடாதபடி வலுவான பட்டைகளால் கட்டப்பட்டிருக்கும். இந்த அமைப்பின் பெயர் டைனமோமீட்டர். டர்போ எஞ்சின் உள்ள காரை மாற்றியமைத்த ஒருவர், "என் வண்டியின் குதிரைத்திறன் கூடிவிட்டது" என்று சொன்னால், அது மெய்யா என்று பார்க்கும் இடம் இதுதான்.

டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சுழலியைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சுழலி வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், திறன் கூடும். இக்கருத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூஹி.

இனி ஒரு வியப்பான செய்தி. டைனமோமீட்டர் குதிரைத்திறனை நேரடியாக அளப்பதே இல்லை! உருளையின் நிலைமத் திருப்புத்திறன் முன்பே தெரியும். அது எவ்வளவு விரைவாக வேகம் பெறுகிறது என்று அளந்தால், அதைச் சுழற்றும் முறுக்கு விசை கிடைத்துவிடும். முறுக்கு விசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வருவதே திறன்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும்போது 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது என்போம். 5,000-ஐ 60-ஆல் வகுத்து, 2 × 3.14-ஆல் பெருக்கினால் சுழலும் வேகம் வினாடிக்குச் சுமார் 523 ரேடியன். இதை 300-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,57,000 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆதலால், விடை சுமார் 210 குதிரைத்திறன்.

இந்த எண்ணை அப்படியே நம்பலாமா? சற்றுப் பொறுங்கள். எஞ்சின் தரும் திறனில் ஒரு பகுதி கியர்களிலும் அச்சுகளிலும் டயர்களிலும் இழக்கப்படுகிறது. ஆகவே உருளை காட்டும் எண், எஞ்சினைத் தனியே வைத்து அளந்த எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிடுவது தவறு.

வெப்பமும் குறுக்கிடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. மாற்றத்துக்கு முன் வெயில் நேரத்திலும், மாற்றிய பின் குளிர்ந்த காலையிலும் அளந்தால், கூடியதாகத் தெரியும் திறனில் ஒரு பங்கு காலைக் காற்றின் கொடையே! எனவே அதே உருளை, அதே கியர், அதே டயர் அழுத்தம், எதிரே அதே மின்விசிறி என்று வைத்து, முன்னும் பின்னும் பல முறை அளக்க வேண்டும்.

கருவிக்கும் எல்லை உண்டு. 1983-இல் பிரேசில் வீரர் நெல்சன் பிக்கே பார்முலா ஒன் பந்தயங்களில் உலக வாகையர் ஆனார். அவர் காரில் இருந்தது ஒன்றரை லிட்டர் பி.எம்.டபிள்யூ. டர்போ எஞ்சின். சாலையில் ஓடும் சாதாரணக் காரின் எஞ்சினிலிருந்து உருவாக்கப்பட்டது அது! பின்னாளில் அதன் திறன் மேலும் பெருகியது. எவ்வளவு என்று கேட்டபோது, அதை வடிவமைத்த பவுல் ரோஷே, சுமார் 1,400 குதிரைத்திறன் இருக்கலாம் என்றார். தம் டைனமோமீட்டர் 1,280-க்கு மேல் காட்டாது என்பதையும் மறைக்கவில்லை.

அளந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொன்னாரே, அதுதான் அறிவியல் நேர்மை. இனி யாரேனும் ஒரு பெரிய எண்ணைச் சொன்னால், "எப்படி அளந்தீர்கள்?" என்று கேளுங்கள்!