கைப்பேசி ஏன் முகத்தைக் கேட்கிறது?

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் போன வாரம் தன் கைப்பேசியை நீட்டினார். "தம்பி, என் மக பிறந்த வருஷத்தைத் திருத்தினா. உடனே மூஞ்சியைக் காட்டச் சொல்லுது. காட்டலாமா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சமூக வலைத்தளங்களில் பிள்ளைகள் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே அவர்கள் பார்க்கக் கூடாதவை உண்டு. பழகக் கூடாத ஆட்களும் உண்டு. அதனால் சில நாடுகள் சட்டம் போட்டுள்ளன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயது ஆகாதவர்கள் முக்கியமான தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்குத்தான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. இது எனக்கு நியாயமாகப் படுகிறது.

சரி, வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் என்ன செய்வோம்? ஆளைப் பார்ப்போம். இல்லாவிட்டால் சான்றிதழைக் கேட்போம். கணினியும் அதையே செய்கிறது. முகத்தைப் பார்த்து, "ஏறக்குறைய இத்தனை வயது" என்று மதிப்பிடுகிறது. இது ஊகம்தான். 16 வயதுப் பெண்ணை 19 என்றும் சொல்லலாம். சந்தேகம் வந்தால் அடையாள அட்டையின் படத்தைக் கேட்கிறது.

வயதை மதிப்பிடுவது வேறு, ஆளை அடையாளம் காண்பது வேறு. வயதை மதிப்பிடப் பெயர் தேவையில்லை. ஆளை அடையாளம் காண, முகத்தின் அளவுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். ஃபேஸ்புக் 100 கோடிக்கும் அதிகமானோரின் முக அளவுகளை வைத்திருந்தது. அவற்றை அழிப்பதாக 2021 நவம்பரில் அறிவித்தது.

சேர்த்து வைத்தது திருடு போகும். டிஸ்கார்ட் என்ற தளத்தில் வயதை நிரூபிக்கப் பலர் அடையாள அட்டைப் படங்களைக் கொடுத்திருந்தார்கள். சுமார் 70,000 பேரின் படங்கள் திருடர் கையில் சிக்கியிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் அந்த நிறுவனமே சொன்னது. கடவுச்சொல் திருடு போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியுமா?

அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது ஆகாதவரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

மறுநாள் அக்காவும் நானும் அந்தத் திரையில் இருந்ததைப் படித்தோம். 'அழித்துவிடுவோம்' என்ற சொல்லை அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார். "எத்தனை நாள்ல அழிப்பாங்களாம்?" என்று கேட்டார். தேடினோம். அது எழுதப்படவில்லை. "அப்ப இருக்கட்டும்" என்று சொல்லி அக்கா கைப்பேசியைப் பையில் வைத்துக்கொண்டார்.