அப்பத்தா கண்ணுக்குத் தெரியும் பிள்ளையும் ஓர் அவசர ஊசியும்

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். பேரணி, பதாகை, உறுதிமொழி எல்லாம் வழக்கம்போல் நடக்கும். ஆனால் கீரனூர் சுற்றுவட்டார வாசகர்கள் எழுதிக் கேட்பது மறதியைப் பற்றி அல்ல. “வாசல்ல ஒரு புள்ள நிக்கிது, அதுக்கும் ஒரு வாய் சோறு போடு” என்று சொல்லித் தன் தட்டிலேயே ஒரு கவளத்தை ஒதுக்கிவைக்கிறார் அப்பத்தா. வாசலில் யாருமில்லை. கோடாங்கியிடம் போவதா, டாக்டரிடம் போவதா?

டாக்டரிடம்தான். ஆனால் சிக்கல் அங்கேயும் காத்திருக்கிறது.

டிமென்ஷியா என்றாலே ஞாபகமறதி என்றுதான் அரசு விளம்பரங்கள் சொல்கின்றன. அந்தக் கணக்கில் சிக்காத வகை ஒன்று உண்டு: லூயி உடல் டிமென்ஷியா. தொடக்கத்தில் பேரன் பேத்தி பெயரெல்லாம் சரியாகச் சொல்வார்கள். ஆனால் குழந்தைகள், பூனை, முன்பின் தெரியாத மனிதர்கள் என உருவங்கள் கண்ணெதிரே தெளிவாகத் தெரியும். நடை தளரும், கை கால் விறைக்கும், ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மந்தமாகவும் இருப்பார்கள். நடிகர் ராபின் வில்லியம்ஸுக்கு இந்த நோய் இருந்தது 2014இல் அவர் இறந்த பிறகு, மூளையைப் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது. எல்லா வகையும் சேர்த்து, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிறது 2023இல் வெளியான மதிப்பீடு. மேடைகளில் இது தலையெண்ணிய கணக்கு போல முழங்கும். உண்மையில் மாதிரி ஆய்விலிருந்து பெருக்கி எடுத்தது.

இந்த நோயில் மூளை செல்களுக்குள் ஒரு புரதம் திரள்கிறது. 1912இல் இந்தத் திரளைக் கண்டவர் ஃபிரெடெரிக் லூயி. இதை டிமென்ஷியாவோடு இணைத்துக் காட்டியவர், 1976 முதல் எழுதிவந்த ஜப்பானின் கென்ஜி கொசாகா. இந்தத் திரளால் அசிட்டைல்கோலின், டோபமின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் குறைகின்றன. முதலாவது குறைந்தால் கவனமும், பார்த்ததை இன்னதென்று பிரித்தறியும் திறனும் தளரும். மங்கிய வெளிச்சத்தில் ஆணியில் தொங்கும் சட்டை ஆளாகிவிடும். இரண்டாவது குறைந்தால் உடல் விறைக்கும்.

இனிதான் வினை. ராத்திரி கூச்சல் போடுகிறார் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், சாந்தப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி போடப்படலாம். அது டோபமினின் வேலையைத் தடுக்கும் மருந்து. ஏற்கெனவே டோபமின் வறண்ட மூளையில் அது இறங்கினால் ஆள் கட்டையாக விறைத்து, விழுங்க முடியாமல், நினைவு தப்பிப்போகலாம்; உயிரே போகலாம். இங்கிலாந்தின் இயன் மெக்கீத் குழு 1992லேயே எச்சரித்த விஷயம் இது. விறைப்பைப் போக்க டிரைஹெக்ஸிபெனிடில் மாத்திரை கொடுத்தாலோ, அது அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுத்து உருவங்களைக் கூட்டும். பார்க்கின்சன் மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் உருவங்கள் பெருகக்கூடும். ஒரு மருந்தின் விளைவை இன்னொரு மருந்தால் துரத்தும் இந்தச் சங்கிலி எந்த விழிப்புணர்வுப் பதாகையிலும் இடம்பெறுவதில்லை. அதனால் ஊசிக்கு முன்பே, “உருவம் தெரிகிறது, நடையும் தளர்ந்திருக்கிறது, லூயி வகையா என்று பாருங்கள்” என்று வீட்டார்தான் சொல்லியாக வேண்டும். அசிட்டைல்கோலினைக் காக்கும் ரிவாஸ்டிக்மின் சிலருக்கு உருவங்களைக் குறைக்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

திடீரென்று ஒன்றிரண்டு நாளில் தொடங்கினால்? சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் குறைவாகவோ இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புத்தி தெளிவு, பார்வைதான் மங்கல் என்றால்? முதலில் கண் டாக்டர்; பார்வை மங்கினாலே உருவங்கள் தெரியலாம், 1760இல் சார்லஸ் போனே தன் தாத்தாவிடம் கண்டு எழுதியது இதைத்தான்.

“அங்கே யாருமில்லை” என்று வாதாடலாமா? வேண்டாம், விளக்கைப் போட்டு, சட்டையை எடுத்து மடித்து வையுங்கள்.

உருவம் தெரிந்தும் பயப்படவில்லை என்றால்? அதற்கென மருந்து பெரும்பாலும் தேவைப்படாது.

எங்கே போவது? புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. யோசனை கேட்க டெலி மானஸ் மனநல உதவி எண், 14416.