முதுகெலும்பை ஒட்டி நெஞ்சுக்குள் கட்டி: ஆபரேஷனில் ஏன் முன்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கிறார்கள்?

ஆவுடையார்கோவிலில் இருந்து ஒருவர் இருமலுக்காக அறந்தாங்கி போய் எக்ஸ்ரே எடுக்கிறார், முதுகெலும்பு ஓரமாக ஒரு நிழல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்கு அனுப்புகிறார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர், "சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்துடலாம்" என்கிறார். வீட்டில் எழும் முதல் கேள்வி: "முதுகுப் பக்கம் இருக்குற கட்டியை நெஞ்சு வழியா எப்படிங்க எடுப்பாங்க?"

பதிலில் பாதி, நோயாளியைப் படுக்க வைக்கும் விதத்தில் இருக்கிறது.

என்ன கட்டி இது?

இந்த இடத்தில் வருபவை பெரும்பாலும் நரம்பில் இருந்து வளரும் கட்டிகள். பெரியவர்களுக்கு வருவதில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சில கட்டிகள் முதுகெலும்பின் இடைவெளி வழியாகத் தண்டுவடம் வரை நீளும். அதைப் பார்க்கத்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அப்படி நீண்டிருந்தால் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் தேவைப்படுவார்.

எப்படிப் படுக்க வைப்பார்கள்?

மயக்கம் கொடுத்ததும், கட்டி உள்ள பக்கம் மேலே வரும்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். அந்தப் பக்க நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தினால் அது சுருங்கும். பிறகு உடலைக் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்ப்பார்கள். சுருங்கிய நுரையீரல் தன் எடையாலேயே முன்னால் சரிந்து, முதுகெலும்பு ஓரம் கேமராவுக்குத் தெளிவாகத் தெரியும். கசியும் ரத்தமும் முன்னால் வழிந்துவிடும்.

முழுக்கக் குப்புறப் படுக்க வைத்தும் செய்கிறார்கள். ஆனால், திடீரென ரத்தப்போக்கு அதிகமாகி நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தால் அது சிரமம். அதனால்தான் பலர் பாதிச் சாய்வைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதில் என்ன ஆபத்து?

மயக்கத்தில் இருப்பவரால் "கை மரத்துப்போச்சு" என்று சொல்ல முடியாது. கையை அதிகமாக இழுத்து வைத்தாலோ, தோள் நசுங்கினாலோ கைக்குப் போகும் நரம்புகள் பாதிக்கப்படலாம். அதற்காகவே அக்குளுக்குச் சற்றுக் கீழே ஒரு சுருள் மெத்தை, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பார்கள். கழுத்து நேராக இருக்கிறதா, கண்களில் அழுத்தம் இல்லையா என்றும் பார்ப்பார்கள்.

நோயாளி என்ன சொல்ல வேண்டும்?

"கையை மேல தூக்க முடியலைங்க" என்பதை மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுக்கம் அதிகம் வரும். கழுத்து வலி, பழைய எலும்பு முறிவு, மூட்டு மாற்று சிகிச்சை எதையும் மறைக்கக் கூடாது. கண் விழித்த பிறகு கை மரத்தாலோ, விரல்களில் பலம் குறைந்தாலோ, "தானா சரியாயிடும்" என்று காத்திருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.