162 காய்களின் கணக்கு

கஜகஸ்தானின் புல்வெளிகளில் மேய்ப்பர்கள் தரையில் குழி பறித்து ஆடிவந்த ஆட்டம் தொகிஸ்குமலாக். நம் பல்லாங்குழிக்கு உறவுமுறை. பக்கத்துக்கு 9 குழி, குழிக்கு 9 காய், ஆக மொத்தம் 162. வென்ற காய்களைச் சேர்த்துவைக்க ஆளுக்கொரு ‘கசான்’. யார் முதலில் 82 காய் சேர்க்கிறாரோ அவருக்கு வெற்றி. 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பிடித்த இந்த ஆட்டம், இன்று இளைஞர்களிடையே கைபேசிச் செயலிகள் வழியாகவும் பரவுகிறது.

செயலியில் ஆடிப் பழகுவது நல்லதுதான். ஆனால், அங்கே விதிகளையெல்லாம் செயலியே பார்த்துக்கொள்கிறது. பிள்ளைகள் திரையைத் தொட்டால் போதும். அதே ஆட்டத்தை நிரலாக எழுதச் சொன்னால்தான் மரபு அவர்கள் கைக்கு வரும்.

18 குழிகளையும் 2 கசான்களையும் எண்வரிசையாக்குவது எளிது. முதல் நகர்த்தலிலேயே சிக்கல் தொடங்கிவிடும். பல்லாங்குழியில் ஒரு குழியை வழித்தெடுத்து, அடுத்த குழியிலிருந்து போட்டுக்கொண்டே போவோம். இங்கே எடுத்த குழியிலேயே முதல் காயை விட வேண்டும். ஒற்றைக் காய் மட்டும் இருந்தால் அது அடுத்த குழிக்குப் போகும். கடைசிக் காய் எதிராளியின் குழியில் விழுந்து, அங்குள்ளவை இரட்டைப்படை ஆனால் அத்தனையும் நமக்கு. தொடக்கத்தில் நம் 2ஆம் குழியை எடுத்துப் பாருங்கள்: கடைசிக் காய் எதிராளியின் முதல் குழியில் விழும், அங்கே 10 சேரும், பத்தும் நம் கசானுக்கு வரும். முதல் குழியை எடுத்தாலோ நம் பக்கத்திலேயே நகர்த்தல் முடிந்துவிடும்.

மாணவர்களைத் திணறடிக்கக்கூடியது ‘துஸ்திக்’. எதிராளியின் குழியில் நம் கடைசிக் காய் விழுந்து 3 ஆனால், அந்தக் குழியே நமதாகிவிடும். பிறகு அதில் விழுகிற ஒவ்வொரு காயும் நம் கசானுக்கு. ஆனால் ஆளுக்கு ஒன்றுதான். 9ஆம் குழியைப் பிடிக்க முடியாது. எதிராளி நம் பக்கத்தில் பிடித்துவைத்திருக்கும் அதே எண்ணுள்ள குழியையும் பிடிக்க முடியாது. நிரலில் இவை ஒவ்வொன்றும் தனி நிபந்தனை.

சோதித்துப் பார்க்க அழகான வழி உண்டு. எந்த நகர்த்தலுக்குப் பிறகும் குழிகளையும் கசான்களையும் கூட்டினால் 162 வர வேண்டும். 161 வந்தால் எங்கோ ஒரு காய் தொலைந்திருக்கிறது. ஆனால், விதியையே தப்பாகப் புரிந்துகொண்டு எழுதினாலும் 162 வரும்! அந்தப் பிழையைக் கணினி காட்டிக்கொடுக்காது. ஆடித் தேர்ந்த பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து ஆடினால்தான் பிடிபடும். வீட்டில் தாத்தாவைக் கூப்பிட மாணவருக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கஜகஸ்தானின் பொம்மலாட்டக் கலையான ‘ஓர்தெகே’ மாணவர்களுக்கு இன்னும் சவாலான செயல்திட்டமாகும். முரசின் மேல் நிற்கும் மரத்தாலான மலையாட்டுப் பொம்மையை ஒரு நூல் இசைக்கலைஞரின் விரலோடு இணைக்கிறது. அவர் இரு தந்தி தோம்ப்ராவை மீட்ட மீட்ட, ஆடு துள்ளுகிறது. ஒலிவாங்கியையும் சிறு மோட்டாரையும் இணைத்து இதைச் செய்துவிடலாம் என்றுதான் மாணவர்களுக்கு முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் பொம்மை ஒலிக்கு ஆடும். உண்மையான ஓர்தெகே ஆடுவதோ கையின் அசைவுக்கு. தந்தியைத் தொடாமல் கை வீசினாலும் நூல் இழுபடும். ஆக, உணரி இருக்க வேண்டிய இடம் விரல். சர்க்யூட்டைத் தொடுவதற்கு முன், தங்கள் விரலிலேயே நூலைக் கட்டி மீட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.