பாப்பம்மாள் பாட்டியும் நம் வீட்டுப் பட்டாவும்

கோயம்புத்தூர் மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் பாட்டியை நம் வாசகர்கள் பலரும் அறிந்திருப்பார்கள். நூறு வயதைத் தாண்டியும் காட்டு வேலை பார்த்தவர். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். 2024 செப்டம்பர் 27-ம் தேதி காலமானார்.

அவர் சாப்பிட்ட களியையும் கொள்ளையும் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

சிறுவயதிலேயே தாய், தந்தையை இழந்த பாப்பம்மாளைத் தேக்கம்பட்டியில் வளர்த்தது அவருடைய பாட்டிதான். பாட்டி நடத்திய கடை பின்னாளில் இவர் கைக்கு வந்தது. கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து, சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார். கடைசிக் காலத்தில் கையிலிருந்த இரண்டரை ஏக்கரில் இயற்கை முறையில் பயறு, காய்கறி, வாழை எடுத்தார். 1959-ல் ஊர்ப் பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினராகவும் இருந்தார். தன் உழைப்பில் நிலம் வாங்கியவரை நாடே விவசாயி என்று ஒத்துக்கொண்டது.

நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக்கு வருவோம். நாற்று நடுவது, களை எடுப்பது, பருத்தி எடுப்பது, மாட்டைப் பார்ப்பது எல்லாம் பெண்கள்தான். முகாமுக்கு வருகிறவர்களிடம், "பட்டா யார் பேர்லம்மா இருக்கு?" என்று கேட்டால், "மாமனார் பேர்ல இருக்கு சார். அவர் போய்ச் சேர்ந்து 12 வருஷமாச்சு" என்பார்கள்.

என் அப்பத்தாவும் ஆயுசு முழுக்கக் காட்டில் கிடந்தவர்தான். அவர் இறந்தபோது, இறப்புப் பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதிக் கொடுத்தது நானேதான். விவசாயப் பட்டம் படித்தவன் நான். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பெயர் இல்லாததால் நஷ்டம் மரியாதையோடு போவதில்லை. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், பயிர்க்கடன், சிறு, குறு விவசாயிகளுக்கான 100 சதவிகித சொட்டுநீர் மானியம் என எதற்குப் போனாலும் முதலில் கேட்பது நில ஆவணத்தைத்தான்.

எனவே, மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

பட்டா இறந்தவர் பெயரிலேயே கிடந்தால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொத்தில் பிள்ளைகளைப் போலவே மனைவிக்கும் தாய்க்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தரும் சட்டம், நாடு முழுவதற்கும் 2005-ல் வருவதற்கு முன்பே, 1989-ல் தமிழ்நாட்டில் வந்துவிட்டது.

புதிதாக நிலம் வாங்கினால் பெண்கள் பெயரில் பதியுங்கள். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதச் சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இன்று சாயங்காலம் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் அம்மா பெயரோ பாட்டி பெயரோ இருக்கிறதா? இல்லையென்றால், அவர்கள் இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுங்கள். பட்டா மாறுதலில் சந்தேகம் இருந்தால், கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள்.